நம்பர் சரியில்லை

உக்காருங்க தம்பி. அது வேண்டாம், அந்தச் சேரு ஆடும், இதுல உக்காருங்க. போனை மேசை மேலயே வைங்க, பதிவாகட்டும். நான் கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவனுங்க. ஃபவுண்டரில உலைச் சத்தத்துக்கு நடுவுலயே காலம் போச்சு, மெதுவாப் பேசுன்னா வராது.

எளநி குடிங்க. நம்ம தோட்டத்துக் காய்தான், இப்பத்தான் வெட்டுனது. வண்டி எங்கயும் போயிராது. பின்னால செட்டுலதான் நிக்குது, நின்னு நாப்பது வருசம் ஆச்சு. இன்னும் சித்த நேரம் நிக்கட்டும்.

நீங்க போன்ல சொன்னது எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. இத்தாலியில ஒரு பெரியவரு, மொர்செல்லி கம்பெனி செஞ்ச ரேஸ் வண்டி ஒவ்வொண்ணும் எங்க போச்சு, ஆரு ஓட்டுனாங்க, இப்ப ஆருகிட்ட இருக்குதுன்னு தேடிச் சேத்துட்டிருக்காரு. அவருக்காக நீங்க மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கீங்க. ஒரு வண்டி கொச்சியில கப்பல்ல எறங்குன வரைக்கும் தெரியுது, அதுக்கப்புறம் தடமே இல்லைன்னீங்க. விலைக்குக் கேக்க வரலைன்னும் சொன்னீங்க. அதனாலதான் வாங்கன்னேன். விலைக்குக் கேக்கறவங்கன்னா வாசல்லயே நிறுத்தி அனுப்பிருவனுங்க.

எனக்கு உங்ககிட்ட வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இந்த வண்டி அசல்தான், போலி இல்லைன்னு உங்க பெரியவரு கையெழுத்துப் போட்டு ஒரு காயிதம் குடுக்கோணும். அதைக் கண்ணாடி போட்டு அந்தப் போட்டோவுக்குப் பக்கத்துல மாட்டோணும். அதா, அந்தச் செவுத்துல. மாலை வாடிருச்சு பாருங்க, மாத்தச் சொல்லோணும்.

அவந்தான் சிகாமணி. தேவசிகாமணி. என்ற கூடப் பொறந்தவன், எனக்கு ஏழு வயசு எளையவன். தை கடைசியில போயிட்டான்.

எழவுக்கு வந்த சனம் பூராம் என்ற மொகத்தையேதான் பாத்துட்டிருந்துச்சு. நான் அழுகலீங்க. வாய்க்கரிசி போட்டேன். என்ற பையன் கொள்ளி வச்சான். வந்து தலைக்குத் தண்ணி வாத்துட்டு உக்காந்தேன், சோறு போட்டாங்க, தின்னேன். என்ற சம்சாரம், "அழுதுருங்க, உள்ளயே வச்சா நெஞ்சுக்கு ஆகாது"ன்னா. எங்கிருந்து அழுகறதுங்க. பல்லுப் புடுங்க ஊசி போட்டா ஒரு பக்கம் மரத்துப் போகுமில்லீங்க, அந்தாட்ட இருக்குது. கடிச்சாலும் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் அப்படியேதான் இருக்குது.

சரி, வண்டிக்கு வர்றேன். நீங்க அதுக்குத்தான வந்தீங்க. எல்லாரும் அதுக்குத்தான் வருவாங்க.

எங்கய்யன் ஆரம்பிச்சது இந்த ஃபவுண்டரி. மோட்டார் பம்பு செய்யறோம். கெணத்துல போடறது. நான் படிப்பை நிறுத்திட்டு உள்ள வந்துட்டேன். சிகாமணியப் படிக்க வச்சோம், அவனுக்குப் படிப்பு ஏறுச்சு, ஆனா மனசு பூராம் வேகத்துலதான். சைக்கிளைக் குடுத்தாலும் அவிநாசி ரோட்டுல பஸ்ஸுக்குப் போட்டியா ஓட்டுவான். வால்பாறை மலையில ஒரு எஸ்டேட்டுக்கு பம்பு மாட்டப் போனவன், தேயிலை காயப்போடற செட்டுக்குள்ள ஒரு வண்டி கெடக்குதுண்ணான்னு ஓடி வந்தான். வெள்ளைக்கார துரை சீமையில இருந்து கொண்டாந்ததாம். அவரு ஊருக்குப் போகையில விட்டுட்டுப் போயிட்டாராம். சீட்டுல கோழி அடைகாத்துட்டிருந்துச்சு. நான் போய்ப் பாத்தனுங்க. எனக்கு அது வண்டியாட்டவே தெரியலை. கூரை இல்லை, கதவு இல்லை, ஒரே ஆளுதான் உக்காரலாம். மூக்கு மட்டும் நீளம்.

அவன் மொகத்தைப் பாத்தேன். சரி, வாங்கிக்கன்னுட்டேன். எஸ்டேட்டு மேனேஜருகிட்ட நானே பேசி லாரியில ஏத்தியாந்தேன். செட்டு கட்டிக் குடுத்தது நானு. பட்டறையில எந்த ஆளை வேணும்னாலும் கூப்பிட்டுக்கன்னதும் நானு. சொல்லிக் காட்டறனேன்னு நெனைக்காதீங்க, சரித்திரம் கேட்டீங்களே, இதுவுந்தான் சரித்திரம்.

செவப்புப் பெயிண்ட் அடிச்சு நிறுத்துனான். ஃபவுண்டரில அதுக்கு 'தக்காளி'ன்னு பேரு வச்சுட்டாங்க. அவனுக்கு அதுல கோவமே இல்லை. தக்காளி எப்படி இருக்குது, தக்காளிக்கு எண்ணெய் ஊத்தியாச்சான்னு அவனே கேப்பான்.

அந்த வருசம் ஆயுத பூசை வந்துச்சு. சிகாமணி ஊருல இல்லை, டயர் தேடிப் பம்பாய் போயிருந்தான். எல்லா மிசினுக்கும் சந்தனம் வைக்கறமே, இதுக்கும் வைப்போம்னு சீமெண்ணெய் போட்டுத் தொடைக்கச் சொன்னேன். ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு இரும்புக் குழாய் வரும், அதுல கெட்டிச்சிருந்த அழுக்கைச் சொரண்டுனா நம்பரு. அடிச்சு வச்ச நம்பரு. அம்பத்தி மூணு.

அஞ்சும் மூணும் எத்தனைங்க? எட்டு.

வீட்டு நம்பரு, போன் நம்பரு, ஸ்கூட்டர் நம்பரு எதுலயும் எட்டு வராமப் பாத்துக்கற குடும்பமுங்க எங்களது. ஆர்.எஸ்.புரத்துல ஒரு எண் ஜோசியக்காரரு இருந்தாரு, அவருகிட்ட அன்னைக்கே போனேன். அவரு, "எட்டு சனியோட நம்பருங்க. மாட்டு வண்டிக்கே ஆகாது, பந்தய வண்டிக்கு எப்படி ஆகும். ஓட்டறவன் உசுரைக் கேக்கும்"னாரு. என்ன செய்யறதுங்கன்னேன். "முன்னால ஒரு ஒண்ணு சேத்துருங்க. கூட்டுனா ஒம்பது. செவ்வாய், முருகனுக்கு உகந்தது, வேகத்துக்கும் நல்லது"ன்னாரு. பெயிண்ட்ல எழுதுனாப் போதுமான்னு கேட்டேன். எழுதுனா அழிஞ்சிரும், அடிக்கோணும்னாரு.

எங்ககிட்ட பம்புக்கு நம்பர் அடிக்கற அச்சு இருக்குது. உளியாட்டம் இருக்கும், வச்சு ஒரு தட்டுத் தட்டுனா பதிஞ்சிரும். ஆளுக ஆரையும் கூப்புடலை. நானே குளிச்சுட்டு வந்து, மருதமலை இருக்கற தெசையப் பாத்துக் கும்பிட்டுட்டு, என்ற கையால அடிச்சேன். அளவெல்லாம் பழைய நம்பரோட அப்படியே பொருந்திருச்சு. நூத்தியம்பத்தி மூணு. மேல சந்தனம் வச்சு குங்குமம் வச்சேன். சிகாமணி வந்து பாத்தப்ப நம்பரு அப்படித்தான் இருந்துச்சு, அவன் அதைத்தான் படிச்சான்.

அவன்கிட்டச் சொல்லலை. எதுக்குச் சொல்றது? இதெல்லாம் நம்ப மாட்டான். "ஏண்ணா, லொள்ளா?"ன்னு கேட்டு ஃபவுண்டரி பூராம் சொல்லிச் சிரிப்பான். நல்லது செஞ்சா சத்தமில்லாமச் செய்யோணும்னு எங்கய்யன் சொல்லுவாரு.

அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க. சோழவரத்துல ரேசு. நான் போயிருந்தேன். திருப்பத்துல வண்டி வழுக்கி, ரெண்டு சுத்துச் சுத்தி, ஓரத்துல அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுக்குள்ள போய்ச் சொருகிருச்சு. எனக்கு உசுரே இல்லை. பாத்தா இவன் வைக்கோலைத் தட்டிவிட்டுட்டு எந்திரிச்சு வர்றான். ஒரு கீறல் இல்லை. எல்லாரும் அவன் தெறமைன்னாங்க. அந்த ஒண்ணு செஞ்ச வேலைன்னு எனக்குத் தெரியும்.

என்னங்க, எளநி குடிக்கலையா? குடிங்க, அப்படியே கேளுங்க.

அந்த இத்தாலிக்காரரு வந்தது அதுக்கு ரெண்டொரு வருசம் கழிச்சு. இந்த வண்டி செஞ்ச கம்பெனி அப்பவே மூடியாச்சாம். ஆனா அதும்பேருல ஒரு சங்கம் இருந்துச்சு, மிச்சமிருக்கற வண்டிகளையெல்லாம் வரவழைச்சு அவங்க ஊரு மலை ரோட்டுல ஓட்ட விடறதா ஏற்பாடு. சிகாமணி போட்டோ அனுப்பியிருந்தான். போட்டோவப் பாத்துட்டே ஒரு ஆளு பொறப்பட்டு வந்துட்டாரு. பாத்து சரின்னு சொல்லிட்டா, வண்டியும் போகும், ஓட்டறதுக்கு இவனும் போவான்.

அந்த மாசம் அவன் தரையில நடக்கலீங்க. பாஸ்போர்ட் எடுத்தான். ஒப்பணக்கார வீதியில கோட்டு தைக்கக் குடுத்தான். இத்தாலி பாசையில காலையில கும்பிடறதுக்கு என்னமோ சொல்லுவாங்களாம், போன்ஜோர்னோன்னு, அதைக் கத்துக்கிட்டு உலைக்காரங்க, வாட்ச்மேன் எல்லாருகிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சான். வாட்ச்மேன், "சின்னவரு என்னமோ திட்டறாருங்க"ன்னு எங்கிட்ட வந்து சொன்னான்.

அவரு வந்தாரு. நல்ல மனுசன், மொதல்ல சிரிச்ச மொகமாத்தான் இருந்தாரு. வண்டியச் சுத்திச் சுத்தி வந்தாரு. தொட்டுப் பாத்தாரு. கண்ணு கலங்கிருச்சு அவருக்கு, நானே பாத்தேன். அப்பறம் படுத்து உள்ள தலையக் குடுத்து, டார்ச் அடிச்சு, அந்த நம்பரைத் தொடைச்சுப் பாத்தாரு. பாத்துட்டு எந்திரிக்கவே இல்லை ரொம்ப நேரம். எந்திரிச்சப்ப மொகம் வேறாட்டம் இருந்துச்சு.

ஃபவுண்டரியச் சுத்திப் பாக்கலாமான்னு எங்கிட்டக் கேட்டாரு. எனக்குப் பெருமை. கூட்டிட்டுப் போய் அச்சு, வார்ப்பு எல்லாம் காட்டுனேன். எந்தச் சாமானைக் குடுத்தாலும் அச்சு அசலா அதே மாதிரி வார்த்துக் குடுப்போம், எது பழசு எது புதுசுன்னு கண்டே புடிக்க முடியாதுன்னேன். இங்கிலீசுலதான் சொன்னேன், தப்பில்லாமச் சொன்னேன். தலையாட்டுனாரு. எளநி வெட்டி வச்சிருந்தோம், வேண்டாம்னுட்டு கார்ல ஏறிட்டாரு. ஒரு வாய் குடிச்சிருக்கலாம். வீட்டுக்கு வந்த ஒறம்பரை அப்படிப் போனா மனசுக்கு ஒரு மாதிரி இருக்குமில்லீங்க.

அவரை வழியனுப்பிட்டு சிகாமணி வந்தான். இதே இடத்துல நின்னான். "நம்பர் சரியில்லையாமாண்ணா"ன்னான்.

இத்தாலிக்காரனுக்கும் எண் ஜோசியம் தெரியுமாட்டிருக்குதுன்னு நெனைச்சேன். நாமதான் அதைச் சரி பண்ணியாச்சே. "அதெல்லாம் சரியாத்தான் இருக்குது, நான் பாத்துட்டேன்"னேன். அவன் என்ற கையப் புடிச்சுக்கிட்டான். "நீங்க நம்புனாப் போதும்ண்ணா"ன்னான். எனக்கு மறுநாள் மனசு கேக்கலை, ஜோசியக்காரருகிட்டப் போய்ச் சத்தம் போட்டேன். என்னய்யா, ஒம்பதுன்னு நீ சொன்னே, சீமையில இருந்து வந்தவன் நம்பர் சரியில்லைங்கறான்னேன். அவரு, ஆறு வர்ற மாதிரி வச்சிருந்தா இன்னும் விசேசந்தான், இப்பக் கூட மாத்தலாம்னாரு. நீ ஒண்ணும் மாத்த வேண்டாம்னுட்டு வந்துட்டேன்.

அப்பறம் ரேஸ் கிளப்புக்கு அந்த இத்தாலிக்காரருகிட்ட இருந்து தகவல் வந்துச்சு. வண்டி போலி, கோயமுத்தூர்ல ஒரு ஃபவுண்டரில வார்த்ததுன்னு. இவனை இனி ரேசுல சேத்தறதில்லைன்னுட்டாங்க. நம்ம ஊரைத்தான் தெரியுமே உங்களுக்கு. எதுக்கும் டூப்ளிகேட் போடற ஊருன்னு நம்மளே பெருமையாச் சொல்லிக்குவோம். இவனுக்குப் பேரே 'டூப்ளிகேட் சிகாமணி'ன்னு ஆகிப்போச்சு. பேக்கரியில டீ குடிக்கப் போனா, "ஏனப்பா, எனக்கு ஒரு ஏரோப்ளேன் வார்த்துக் குடேன்"ம்பாங்க. பல்லடத்துல பொண்ணு பேசி வச்சிருந்தோம். வண்டியே போலின்னா மத்ததெல்லாம் எப்படியோன்னு சொல்லி விட்டாங்க. அந்தக் கோட்டு தைச்சு வந்துச்சு, வாங்கி வைக்கக்கூட ஆளில்லை.

சிகாமணி எங்கிட்ட வந்தான். "எஸ்டேட்டுக்காரன் ஏமாத்திட்டாண்ணா, எனக்குத் தெரியாமப் போச்சு. அதை உலையில போட்டுருங்க"ன்னு சொல்லிட்டு உடுமலைக்குப் போயிட்டான். அங்க டிரைவிங் ஸ்கூல் வச்சான். நூத்தி அறுபது கிலோமீட்டர் வேகத்துல போனவன், பொம்பளைப் புள்ளைகளைப் பக்கத்துல உக்கார வச்சு, மெதுவா, மெதுவா, கிளச்சை விடும்மான்னு சொல்லிட்டு இருந்தான். கடைசி வரைக்கும் அதுதான்.

நான் உலையில போடலை. தார்ப்பாய் போட்டு மூடி வச்சேன். வருவான், வந்து கேப்பான்னு இருந்தேன். தீவாளிக்குத் தீவாளி பலகாரத்தோட நாந்தான் உடுமலை போவேன். பம்பு எப்படி ஓடுதுண்ணாம்பான். மழை உண்டாம்பான். வண்டியப் பத்தி அவன் கேக்க மாட்டான், நானும் எடுக்க மாட்டேன். அவனுக்கு ரோசம் ஜாஸ்தின்னு ஊட்டுல வந்து சொல்லுவேன். சொந்த அண்ணன் வீடு, ஆரு என்ன சொன்னா என்ன, இப்படியா ஒருத்தன் வராமலே இருப்பான்னு எனக்குக் கோவம். அந்தக் கோவம் நெறைய நாள் இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில கடைசியா, "அந்த எஸ்டேட்டுக்காரன் நல்லாவே இருந்திருக்க மாட்டாண்ணா"ன்னான். ஆமாஞ்சாமின்னேன்.

ஏனுங் தம்பி, அதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்க? சரி வாங்க, வண்டியப் பாத்துருங்க. செருப்புப் போட்டுக்குங்க, அந்தப் பக்கம் இரும்புத் தூளு கெடக்கும்.

அந்த முனையப் புடிங்க. தார்ப்பாய் கனமா இருக்கும். ஆங், அப்படித்தான். பாருங்க. துருவெல்லாம் இல்லை, ஆயுத பூசைக்கு ஆயுத பூசை நானே எண்ணெய் போட்டுத் தொடைச்சுச் சந்தனம் வைக்கறேன். இங்க குனிங்க. டார்ச் வேண்டாம், போன் வெளிச்சமே போதும். தெரியுதுங்களா? ஒண்ணு, அஞ்சு, மூணு. அந்த ஒண்ணு நம்மளோடது. கீழ சின்னதா ஒரு வெட்டுத் தெரியும் பாருங்க, அச்சுல மொனை ஒடைஞ்சிருந்துச்சு. நம்ம பம்பு எதை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க, அந்த வருசத்து ஒண்ணுல அதே வெட்டு இருக்கும்.

என்ன சொன்னீங்க?

அறுபதா. மொத்தமே அறுபது வண்டிதான் செஞ்சாங்களா.

அறுபதுக்கு மேல நம்பரே கெடையாதுங்களா.

சித்த இருங்க. நான் இந்த டிரம்மு மேல உக்காந்துக்கறேன்.

அப்ப அவரு சொன்னது... சரியில்லைன்னா, ஆகாத நம்பருன்னு இல்லீங்களா. அப்படி ஒரு நம்பரே இல்லைன்னு சொல்லியிருக்காரு. அதைத்தான் இவன் வந்து எங்கிட்டச் சொல்லியிருக்கான். நான் சரியாத்தான் இருக்குதுன்னேன். நான் பாத்துட்டேன்னேன்.

அம்பத்தி மூணு மட்டுந்தான் காணாமப் போயிருக்குதுங்களா. நீங்க தேடி வந்தது அதைத்தானுங்களா.

அரம் இருக்குதுங்க. அந்த ஆணியில தொங்குது பாருங்க, எடுங்க. நாலு இழுப்பு இழுத்தா அந்த ஒண்ணு போயிரும், அம்பத்தி மூணு அப்படியே நிக்கும். நானே இழுத்துர்றேன். ஏனுங், விடுங்க கையை. தொடக் கூடாதுங்களா? அந்த ஒண்ணு இருந்தாத்தான் நம்புவாங்களா? அந்த வெட்டும் பம்பும் நான் சொல்றதும் சேந்தாத்தான் இது அம்பத்தி மூணுன்னு ஆகுமா.

சரி. அப்ப இருக்கட்டும்.

அவன் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க. மறைக்கோணும்னு நான் ஒரு நாளும் நெனைச்சதில்லை. நம்பரை ஆராவது தொட்டீங்களாண்ணான்னு ஒரு வார்த்தை. அதை எப்படிங்க அவன் கேப்பான், எவனாவது நம்பரைப் போய் மாத்துவானான்னு அவனுக்கு எப்படித் தோணும். அவன் கேக்கலை, நான் சொல்லலை. நாப்பது தீவாளி பலகாரம் கொண்டுபோய்க் குடுத்துட்டு மழையப் பத்திப் பேசிட்டு வந்திருக்கேன்.

அந்த எஸ்டேட்டுக்காரரு பாவமுங்க. சிகாமணி வாயால சாபம் வாங்கிட்டாரு.

இப்பவாவது அழுகை வருமுன்னு பாக்கறேன். வரலீங்க. அப்படியேதான் இருக்குது.

போனை நிறுத்திராதீங்க. என்ற பேரு அதுல நல்லா விழுகோணும், நாளைக்கு ஆரும் சந்தேகப்படக் கூடாது. வெள்ளியங்கிரி. தேவசிகாமணியோட அண்ணன் வெள்ளியங்கிரி. அந்த ஒண்ணை அடிச்சது நானு. அவனுக்குத் தெரியாது. விழுந்துச்சுங்களா? இன்னொருக்காச் சொல்லட்டுங்களா?

காயிதம் வந்தா அனுப்புங்க, மாட்டறேன்.

வாங்க, உள்ள போலாம். எளநிய அப்படியே வச்சுட்டு வந்துட்டீங்க. அன்னைக்கு அந்த இத்தாலிக்காரருந்தான் குடிக்காமப் போனாரு. நீங்களாவது குடிச்சுட்டுப் போங்க.